ஜெயித்தவர்கள் கீழேயே நிற்கவும்

சென்னைக்கு இரண்டு கால்பந்து அணிகள் இருந்தன. ஒன்று ஐ-லீக் சாம்பியன் ஆகி, மூன்று வருடத்துக்குள் அட்ரஸ் இல்லாமல் போனது. இன்னொன்று அதே பருவத்தில் ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக்கில் கடைசி இடத்துக்கு வந்து, இன்றுவரை நாட்டின் முதல் டிவிஷனில் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் திருட்டோ மோசடியோ ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் விதிப்படி, ஒப்பந்தப்படி, கையெழுத்துப்படிதான் நடந்தது. வயிறு எரிவதே அதனால்தான்.

பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேருக்கு இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பு. ஜெயித்தது சென்னை சிட்டி எஃப்.சி. கடைசியில் வந்தது சென்னையின் எஃப்.சி. முன்னதற்கு முதலாளி ரோஹித் ரமேஷ். பின்னதற்கு அபிஷேக் பச்சன், தோனி, வீட்டா தானி. எது மேலே இருக்கும், எது கீழே இருக்கும் என்பதை இந்த இரண்டு வரியை வைத்தே நீங்கள் கண்டுபிடித்திருந்தால், இந்தியக் கால்பந்து நிர்வாகத்தில் உங்களுக்கு ஒரு நாற்காலி காத்திருக்கிறது.

2018-19 பருவம். சென்னை சிட்டி 20 மேட்ச் ஆடி 43 புள்ளி எடுத்தது. ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம், அதுவும் கடைசி நாளில்தான் முடிவானது. 2019 மார்ச் 9, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். எதிரே முந்தைய வருட சாம்பியன் மினர்வா பஞ்சாப். சென்னை சிட்டி மூன்றாவது நிமிடத்திலேயே கோல் வாங்கிக்கொண்டது. டிரா ஆனால்கூடக் கோப்பை கொல்கத்தாவுக்கு ரயிலேறிவிடும் என்கிற நிலைமை. இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மன்ஸி ஒரு பெனால்டி போட்டார். கௌரவ் போரா என்ற தடுப்பாட்டக்காரர், கோல் போடுவது தன் வேலையே இல்லை என்பதை மறந்து, இரண்டு போட்டார். 3-1. மன்ஸிக்கு அந்தப் பருவத்தில் 21 கோல். கோச் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ்.

அதே பருவத்தில் சென்னையின் எஃப்.சி. 18 மேட்ச் ஆடி 9 புள்ளி எடுத்தது. ஜெயித்தது இரண்டு, தோற்றது பதின்மூன்று. பத்து அணிகளில் பத்தாவது. அதற்கு முந்தைய வருடம் கோப்பை வாங்கியவர்கள்தான், ஆட்டத்தில் இது சகஜம். யாருக்கும் ஒரு வருடம் சறுக்கும். சறுக்கினால் கீழே விழ வேண்டும் என்பதும் பூமியின் பிற பகுதிகளில் சகஜம்.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம், அதே வருடத்தையே. அங்கே முதல் டிவிஷன் பிரீமியர் லீக், இருபது அணி. இரண்டாவது சாம்பியன்ஷிப், இருபத்து நான்கு அணி. வருடா வருடம் மேலே கடைசி மூன்று இடம் பிடித்தவர்கள் இறங்குவார்கள், கீழேயிருந்து மூன்று பேர் ஏறுவார்கள். 2018-19இல் இரண்டாம் டிவிஷனில் நார்விச் சிட்டி 94 புள்ளியோடு முதலிடம். ஏறியது. மேலே ஹடர்ஸ்ஃபீல்டு 38 மேட்சில் 16 புள்ளி. இறங்கியது. யாரும் கூட்டம் போடவில்லை, யாரும் நீதிமன்றம் போகவில்லை, யாருடைய பங்குதாரர் யார் என்றும் விசாரிக்கவில்லை. நார்விச் அடுத்த வருடமே மேலே கடைசியாக வந்து திரும்பவும் இறங்கியது. போன வேகத்தில் வந்தார்கள், ஆனால் போனார்கள். ஓல்டு டிராஃபோர்டில் ஒரு நாள் ஆடினார்கள்.

இங்கே என்ன நடந்தது? சாம்பியன் ஆன சூட்டோடு சென்னை சிட்டி சூப்பர் கப் ஆட புவனேஸ்வரம் போனது. இரண்டு லீக் அணிகளும் மோதிக்கொள்ள இருந்த ஒரே மேடை அது. ஐ-லீக்கில் பல அணிகள், எங்கள் எதிர்காலத்தைப் பேசி முடிக்காமல் ஆட வரமாட்டோம் என்று ஒதுங்கியிருந்தன. ஆட வந்த சென்னை சிட்டி, அந்த வருட ஐஎஸ்எல் சாம்பியன் பெங்களூரு எஃப்.சி.யை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பியது. யார் உசத்தி என்ற கேள்விக்குப் புல் தரையில் ஒரு பதில் கிடைத்துவிட்டது. அரையிறுதியில் கோவாவிடம் 0-3 தோற்றார்கள், அதையும் மறைக்க வேண்டியதில்லை.

புல் தரை சொன்ன பதில் பிடிக்கவில்லை போலிருக்கிறது. ஆறு மாதம் கழித்து, அக்டோபரில், கோலாலம்பூரில் ஒரு கூட்ட அறைக் கம்பளத்தின் மேல் அதே கேள்வியை மறுபடி கேட்டார்கள். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு, நம் அகில இந்திய கால்பந்து சம்மேளனம், லீக்கை நடத்துகிற கம்பெனி, கிளப்காரர்கள். பதில் சரியாக வந்தது: இனிமேல் ஐஎஸ்எல் முதல் டிவிஷன், ஐ-லீக் இரண்டாம் டிவிஷன். ஆக, 2019 மார்ச்சில் நாட்டின் முதல்தர லீக்கை ஜெயித்த அணி, அதன்பின் லீக்கில் ஒரு மேட்ச்கூடத் தோற்காமல், ஒரு பேனாவின் ஒரே கீறலில் அக்டோபரில் இரண்டாம் டிவிஷன் அணி ஆனது. உலகக் கால்பந்து வரலாற்றில் சாம்பியன் பட்டம் வாங்கியதற்காக இறக்கம் கண்ட அணி வேறு இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து அழலாம்.

நடுவில் ஒரு ஆறுதல் பரிசும் வைத்தார்கள். 2022-23 முதல் ஐ-லீக் சாம்பியனுக்குக் கட்டணம் இல்லாமல் ஏற்றம் உண்டாம். அதாவது நான்கு வருடம் கழித்து ஜெயித்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஜெயித்தது சென்னை சிட்டியின் தப்பு. 2021-22 ஐ-லீக் ஆரம்பித்தபோது பட்டியலில் பதின்மூன்று அணிகள் இருந்தன. சென்னை சிட்டியின் பெயர் அதில் இல்லை. கிளப் நடத்துவதற்கான லைசன்ஸ் நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை என்றார்கள். முதலாளி தரப்பில் கோளாறே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் ஜெயித்தாலும் மேலே போக வழியில்லாத ஒரு கம்பெனியில் எந்த மடையன் காசு போடுவான்? சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. மேலே கதவு இருக்கிறது என்று நினைத்து வாங்கியிருப்பார்கள் பாவம்.

இந்தக் கதவை யார், எப்போது செங்கல் வைத்து அடைத்தார்கள்? 2010 டிசம்பர். சம்மேளனத்துக்குத் தலைவர் பிரஃபுல் படேல். ஐஎம்ஜி-ரிலையன்ஸோடு பதினைந்து வருட ஒப்பந்தம், 700 கோடி ரூபாய். ஒளிபரப்பு, விளம்பரம், புது லீக் தொடங்கும் உரிமை என்று நாட்டின் கால்பந்து மொத்தமும் அதில் அடக்கம். வருடத்துக்கு வகுத்தால் 47 கோடிகூட வரவில்லை. கோடம்பாக்கத்தில் ஒரு பெரிய ஹீரோவின் இன்றைய ஒரு படச் சம்பளத்துக்குத் தேறாத தொகை அது. 2014இல் ஐஎஸ்எல் வந்தது. நடிகர்களும் கிரிக்கெட்காரர்களும் ஆளுக்கொரு நகரத்தை எடுத்துக்கொண்டார்கள். கட்டணம் கட்டினால் உள்ளே. கட்டிவிட்டால் எத்தனை மேட்ச் தோற்றாலும் வெளியே தள்ளவில்லை. முதலீட்டாளருக்குப் பாதுகாப்பு வேண்டும் அல்லவா என்று விளக்கம் கொடுத்தார்கள். ஆமாம், வேண்டும். தோல்வியிலிருந்து பாதுகாப்பு தருகிற விளையாட்டுக்கு எல்.ஐ.சி. என்று பெயர் வைத்திருக்கலாம்.

பிறப்பால் மேல், பிறப்பால் கீழ் என்கிற ஏற்பாடு நமக்கு ஒன்றும் புதிதில்லை. அதனால்தான் இதைப் பார்த்து யாருக்கும் அதிர்ச்சி வரவில்லை. மேலே பிறந்தவன் எத்தனை முறை ஃபெயிலானாலும் மேலேதான். கீழே பிறந்தவன் கோப்பையோடு வந்து நின்றாலும் திண்ணையோடு சரி. சாதியோடு ஒப்பிடுவது மிகை என்பார்கள். இன்னொரு பொருத்தத்தையும் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். சாம்பியன் அணியில் ஆடிய எட்வின் சிட்னி வன்ஸ்பால் அடுத்த பருவம் எங்கே போனார்? கடைசி இடத்து சென்னையினுக்கு. அதற்கு முன்பே தூத்தூர்க் கடற்கரைப் பையன் மைக்கேல் சூசைராஜை ஜாம்ஷெட்பூர் கூட்டிக்கொண்டு போனது. மன்ஸி ஜப்பானில் நீகாட்டா அணிக்குப் போய்விட்டார், அதுவும் அந்த நாட்டின் இரண்டாம் டிவிஷன், ஆனால் ஏறுகிற வழி உள்ள இரண்டாம் டிவிஷன். தெருவில் கெட்டிக்காரப் பையன் ஒருவனைப் பொறுக்கி எடுத்து மேலே உட்காரவைப்பார்கள். படத்தோடு செய்தி போடுவார்கள். தெரு மட்டும் தெருவாகவே இருக்க வேண்டும். ஆட்டக்காரன் ஏறலாம், அணி ஏறக்கூடாது.

சென்னையின் எஃப்.சி. அபிமானிகள் என் மேல் பாயும் முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கடைசி இடத்துக்கு வந்த அந்த அணி அடுத்த பருவமே, 2019-20இல், இறுதிப் போட்டிவரை போனது. பார்த்தீர்களா, இறக்கியிருந்தால் இது நடந்திருக்குமா என்று கேட்கிறார்கள். நடந்திருக்காதுதான். விழுந்தவனுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தால் எழுந்து நிற்பான் என்பதற்கு இது அருமையான அத்தாட்சி. ஜெயித்தவனுக்கு ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குத்தான் அத்தாட்சி இல்லை. கொடுத்தால்தானே இருக்கும்.

அந்த அணி எழுந்து நின்றதில் பெரும்பங்கு நடுவில் வந்த கோச் ஓவன் காயிலுக்கு. இந்த மனிதர் வழியாக நாம் பிளாக்பர்ன் போக வேண்டும்.

பிளாக்பர்ன் ரோவர்ஸ் இங்கிலாந்தின் வடக்கே ஒரு பழைய பஞ்சாலை ஊரின் அணி. 1995இல் பிரீமியர் லீக்கையே ஜெயித்தார்கள். 2010 நவம்பரில் புனேயின் கோழிப்பண்ணைக் கம்பெனி வெங்கீஸ் 2 கோடியே 30 லட்சம் பவுண்டுக்கு அதை வாங்கியது. வாங்கிய அடுத்த மாதமே அனுபவசாலி மேனேஜர் சாம் அலர்டைஸ் வெளியே. ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து கோழிக்கால் கடிக்கிற விளம்பரப் படம் ஒன்று வந்தது. 2012இல் முதல் டிவிஷனிலிருந்து இறக்கம். 2017இல் இரண்டாம் டிவிஷனிலிருந்தும் இறக்கம். அந்தப் பருவத்தில் பிப்ரவரிவரை கோச்சாக இருந்தவர் இதே ஓவன் காயில். 2018இல் ஒரு படி ஏறி, அதற்குப் பிறகு இரண்டாம் டிவிஷன். 2024-25இல் ஏழாவது இடம். ஏற்றத்துக்கான பிளே-ஆஃபில் ஆட ஆறாவது இடம் வேண்டியிருந்தது. நடுவில் முதலாளிகள் மேல் இங்கே அமலாக்கத்துறை விசாரணை. ஒவ்வொரு முறை இங்கிலாந்துக்குப் பணம் அனுப்பவும் டெல்லி உயர் நீதிமன்றத்தின் வாசலில் நிற்க வேண்டிய நிலை. லங்காஷயரில் ஒரு பையன் தன் அணி புது ஆள் எடுக்குமா என்று தெரிந்துகொள்ள டெல்லி நீதிமன்றத்தின் வழக்குப் பட்டியலைப் பார்க்கிறான்!

ஆக, இந்திய முதலாளி ஒருவரால் ஒரு கால்பந்து அணிக்கு இறக்கம் வரும் என்பது நிரூபணமான விஷயம். ஆனால் அது நடக்க அவர் இங்கிலாந்துவரை போக வேண்டியிருக்கிறது.

வெங்கீஸ் கஞ்சத்தனம் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. வருடா வருடம் நஷ்டத்தைத் தாங்கிக் கோடி கோடியாகக் கொட்டியிருக்கிறார்கள். கொட்டியும் இறக்கம் வந்தது. அதுதான் அந்த ஏற்பாட்டின் அழகு. புள்ளிப் பட்டியலுக்கு முதலாளியின் பாஸ்புத்தகம் தெரியாது. அங்கே ரசிகர்களும் சும்மா இருக்கவில்லை. 2012 மே மாதம், இறக்கம் முடிவான அன்று, அணியின் கொடியைப் போர்த்திய உயிர்க்கோழி ஒன்று மைதானத்துக்குள் ஓடியது. விகன் அணியின் ஆட்டக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு போய் கோல் வலைக்குப் பக்கத்தில் விட்டார். இதே நாமக்கல்லை வைத்துக்கொண்டிருக்கிற தமிழ்நாட்டில், சென்னை சிட்டிக்காக ஒரு அழுகின முட்டையாவது யார் மேலாவது விழுந்ததா?

விழாததற்குக் காரணம் தேடி நான் அதிக தூரம் போகவில்லை. நான் பெருங்களத்தூர்க்காரன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய ராத்திரி மூட்டை முடிச்சோடு ஜிஎஸ்டி ரோட்டில் நின்று ஊருக்குப் பஸ் தேடியவர்களுக்கு எங்கள் ஊரைத் தெரியும். நின்ற இடத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. சென்னை என்று சொன்னால் சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள், செங்கல்பட்டு என்று சொன்னால் வீட்டு வாடகை சிரிக்கும். இந்தப் பக்கத்தில் இரண்டாம் டிவிஷன் என்பதை யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எங்களுக்கும் ஒரு ஏற்றம் வந்தது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துக் கட்டித் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். பெருங்களத்தூர் பேரூராட்சியும் பக்கத்துப் பீர்க்கங்கரணையும் அதில் உண்டு. நாங்கள் யாரோடும் ஆடவில்லை, யாரையும் ஜெயிக்கவில்லை, ஒரே அரசாணையில் இரண்டு டிவிஷன் தாண்டிவிட்டோம். ஐ-லீக் சாம்பியனுக்குக் கிடைக்காத ஏற்றம் பீர்க்கங்கரணைக்குக் கிடைத்திருக்கிறது. ஏறின பிறகு பையன்கள் பந்து ஆட இடம் கிடைத்ததா என்று கேட்கக் கூடாது. இடமெல்லாம் அடுக்குமாடி ஆகி, ஏரிகள் கரை சுருங்கி, மிச்சமிருப்பது டர்ஃப். பச்சை பிளாஸ்டிக் புல், சுற்றிலும் வலை, மேலே வெள்ளை விளக்கு, மணிக்கு இவ்வளவு என்று போனில் புக் பண்ண வேண்டும். பத்துப் பையன்கள் பாக்கெட் மணியைப் போட்டுச் சேர்த்தால் ஒரு மணி நேரம். மேட்ச் 4-4 என்று உச்சத்தில் இருக்கும்போது நேரம் முடிந்துவிட்டால் விளக்கணைத்து அடுத்த பேட்சை விடுவார்கள். காசு கட்டினவன் ஆடுவான் என்ற ஐஎஸ்எல் தத்துவத்தை இதைவிடத் தெளிவாகக் குழந்தைகளுக்குப் புகட்ட முடியாது.

அங்கே ஒரு சாயங்காலம், வான்நீல ஜெர்சி போட்ட பையன் ஒருவனைக் கேட்டேன்.

“தம்பி, சென்னை சிட்டின்னு ஒரு டீம் இருந்துச்சே, தெரியுமா?”

“சென்னை சூப்பர் கிங்ஸா அங்கிள்?”

“இல்லப்பா, ஃபுட்பால்ல.”

“ஃபுட்பால்ல மான்செஸ்டர் சிட்டிதானே அங்கிள்?”

அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஐந்து மைல் தள்ளி இருக்கிற எதுவும் அவனுக்காக ஆடவில்லை. ஐயாயிரம் மைல் தள்ளி நடக்கிற ஆட்டத்தில் கீழே இருப்பவன் ஏறுகிறான், மேலே இருப்பவன் விழுகிறான், வருடக் கடைசியில் கதை முடிகிறது. சொந்த ஊரில் முடிவு முன்பே எழுதிவிட்ட நாடகம். அதற்கு எதற்கு டிக்கெட் எடுத்து லோக்கல் ட்ரெயின் பிடித்துப் பார்க் ஸ்டேஷனில் இறங்க வேண்டும்?

எங்கள் பெயரில் கோப்பை வராமலும் இல்லை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வந்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அதே மாதம் சென்னையின் எஃப்.சி. தன் முதல் கோப்பையை வாங்கியது. சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் ஆடினார்கள், இறுதிப் போட்டியைக் கோவாவில் ஆடினார்கள். வெள்ளத்துக்கு யாரும் பொறுப்பில்லை, இடம் மாற்றியதில் தப்பும் இல்லை. நாங்கள் வீட்டுக்குள் சேறு வாரிக்கொண்டிருந்தபோது எங்கள் ஊர் சாம்பியன் ஆன செய்தி வந்தது. சந்தோஷம் என்றோம். வாளியைக் கீழே வைக்கவில்லை.

2019இல் இன்னொரு வேடிக்கை, யாரும் பேசாதது. மார்ச்சில் ஐ-லீக் தமிழ்நாட்டுக்கு வந்தது என்றால், மே மாதம் இந்தியப் பெண்கள் லீக்கும் தமிழ்நாட்டுக்கு வந்தது. மதுரை சேது எஃப்.சி., லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று ஜெயித்தது. ஆண், பெண் இரண்டு லீக் கோப்பைகளும் ஒரே வருடத்தில் ஒரே மாநிலத்தில். கொல்கத்தாவிலோ கோழிக்கோட்டிலோ இது நடந்திருந்தால் ஊர்வலத்தில் போக்குவரத்து நின்றிருக்கும். இங்கே அது ஐபிஎல் மாதம். பிறகு 2024இல் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் ஃபார்முலா 4 கார் ஓட்டினார்கள். விளையாட்டுத் தலைநகரம் என்றார்கள். கார் பந்தயம் நடத்த ரோடு கிடைக்கிற ஊரில் கால்பந்துக்கு ஒரு காலித் திடல் கிடைப்பதில்லை.

இங்கிலாந்தில் தேனும் பாலும் ஓடுகிறது என்று நான் சொல்லவில்லை. மேலிருந்து விழுகிற அணிக்கு அங்கே பாராசூட் என்று ஒரு பெருந்தொகை கொடுத்து, மற்ற இரண்டாம் டிவிஷன்காரர்களின் வயிற்றில் அடிக்கிறார்கள். ஷெஃபீல்டு வெட்னஸ்டே என்ற பழம்பெரும் அணியின் தாய்லாந்து முதலாளி ஒழுங்காகச் சம்பளம் போடாமல், 2025 அக்டோபரில் அணி திவால் நிர்வாகத்துக்குப் போய் 12 புள்ளியை இழந்தது. ஆனால் ரசிகர்கள் சீட்டைக் காலியாக விட்டுப் போராடினார்கள். அதற்குச் சில மாதம் முன்பு நாடாளுமன்றம் சட்டமே போட்டு, கிளப் முதலாளிகளைக் கண்காணிக்கத் தனி ஒழுங்குமுறை அமைப்பு ஒன்றை உண்டாக்கியிருந்தது. நம் சம்மேளனத்தின் சட்டவிதி வழக்கு உச்ச நீதிமன்றத்தில் 2017இலிருந்து நடந்து 2025 செப்டம்பரில்தான் முடிந்தது. நடுவில் ஒருமுறை, 2022 ஆகஸ்டில், சம்மேளனத்தை ஃபிஃபாவே தடை செய்தது. அந்தப் பதினோரு நாளில் சிக்கிக்கொண்ட கோகுலம் கேரளா பெண்கள் ஆசியப் போட்டி ஆட தாஷ்கண்ட் வரை போய் இறங்கி, ஆடாமல் திரும்பி வந்தார்கள். தடைக்குக் காரணமானவர்களில் யார் விமானமும் ரத்தாகவில்லை.

ஏற்றம் வந்துவிட்டதே, இன்னும் என்ன புலம்பல் என்று கேட்கிறவர்களுக்கு 2024-25 ஐ-லீக்கைப் படையல் வைக்கிறேன். ஏப்ரல் 6 அன்று கடைசி மேட்ச் முடிந்தது. சாம்பியன் யார் என்று தெரியவில்லை. சர்ச்சில் பிரதர்ஸ் 40 புள்ளி, இன்டர் காசி 39, ஆனால் எதிரணி தகுதியில்லாத ஆட்டக்காரரை இறக்கியதாக இன்டர் காசியின் ஒரு மேட்ச் வழக்கில் இருந்தது. ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஒன்று சொன்னது, மேல்முறையீட்டுக் குழு வேறொன்று சொன்னது. ஏப்ரல் 19 அன்று சர்ச்சில்தான் சாம்பியன் என்றார்கள். விவகாரம் சுவிட்சர்லாந்தின் லொசானுக்குப் போனது. ஜூலை 18 அன்று அங்குள்ள விளையாட்டு நடுவர் மன்றம், இன்டர் காசிதான் சாம்பியன் என்றது. அந்தப் பருவத்தின் வெற்றி கோலை அடித்தது வக்கீல்.

கதை இதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. ஏறுவதற்கு இன்டர் காசி காலைத் தூக்கியபோது படி இருந்த இடத்தில் படி இல்லை. ஒரு வாரம் முன்பு, ஜூலை 11 அன்று, ஒப்பந்தம் முடியப்போவதைச் சொல்லி ஐஎஸ்எல்லையே நிறுத்தி வைத்துவிட்டார்கள். கீழே போகிற பேச்சு வேறு சுகம்: அந்தப் பருவத்தில் மேலே கடைசியாக வந்த மொஹம்மதன் ஸ்போர்ட்டிங்குக்கு இறக்கம் இல்லை. சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக ஆகஸ்டில் பெங்களூரு அறிவித்தது. அக்டோபரில் இந்தியா சிங்கப்பூரிடம் சொந்த மண்ணில் தோற்று ஆசியக் கோப்பைக்கு வெளியே போனது. லீக்கை நடத்த யாராவது வாருங்கள் என்று டெண்டர் விட்டார்கள். நவம்பர் 7 கெடு முடிந்தபோது பெட்டியில் ஒரு விண்ணப்பம்கூட இல்லை. பதினொரு நாள் கழித்து டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. உலக வரிசையில் 142. டிசம்பர் 8 அன்று பதினைந்து வருட ஒப்பந்தம் காலாவதி. ஐந்தாவது நாள் கொல்கத்தாவில் மெஸ்ஸி வந்து இறங்கினார்.

லீக் இல்லாத நாட்டில் மெஸ்ஸிக்கு டிக்கெட் இருந்தது. ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்து சால்ட் லேக் ஸ்டேடியத்தை நிரப்பினார்கள். வந்தவரைச் சுற்றி அமைச்சர்களும் பிரமுகர்களும் செல்ஃபிக்காரர்களும் வேலி கட்டியதில், காசு கொடுத்தவனுக்கு அவர் தலைமுடிகூடத் தெரியவில்லை. சில நிமிடத்தில் போய்விட்டார். ஜனங்கள் நாற்காலியைப் பிய்த்து எறிந்தார்கள். அநாகரிகம் என்று எல்லோரும் கண்டித்தார்கள், நானும் கண்டிக்கிறேன். பதினைந்து வருடமாக நாற்காலியைப் பிய்க்காமல் அதிலேயே உட்கார்ந்திருந்தவர்களை யாரும் கண்டிக்கவில்லை. 2026 ஜனவரியில் சுனில் சேத்ரி உட்பட நாட்டின் ஆட்டக்காரர்கள் வீடியோவில் வந்து, ஃபிஃபாவே எங்களைக் காப்பாற்று என்று கையேந்தினார்கள். பிறகு மத்திய விளையாட்டு அமைச்சர் தலையிட்டு, காதலர் தினத்தன்று லீக் ஆரம்பமானது. பதினான்கு அணி, ஆளுக்கு ஆள் ஒரே ஒரு முறை மோதி, மொத்தம் 91 மேட்ச். கல்யாணத்தில் சாப்பாடு தீர்ந்துபோய் கடைசிப் பந்திக்கு ரசம் மட்டும் ஊற்றின கதை.

சம்மேளனத்துக்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. செலவு குறைவு, வம்பு வழக்கு கிடையாது. ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். முடிவுக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று ஆன பிறகு, வெயிலில் இருபத்திரண்டு பேரை எதற்கு ஓடவிட வேண்டும்? பருவத் தொடக்கத்தில் சாம்பியன் பட்டத்தை நேராக ஏலம் விடலாம். இரண்டாமிடம், மூன்றாமிடம், அரையிறுதித் தோல்வி, கௌரவமான கடைசி இடம் என்று தனித்தனி விலை போடலாம். கடைசி இடத்துக்குத்தான் போட்டி அதிகம் இருக்கும்; இந்த நாட்டில் இத்தனை வருடம் ஆபத்தே இல்லாமல் இருந்த இடம் அது ஒன்றுதான். புல் தண்ணீர் கேட்காது, நடுவர் படி கேட்கமாட்டார். லொசான் போகிற விமானச் செலவும் மிச்சம். காலியாகும் ஸ்டேடியங்களில் இசைக் கச்சேரி நடத்தலாம், ஏற்கனவே நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். வியாசர்பாடிப் பையன்கள், தூத்தூர்ப் பையன்கள், டர்ஃபில் மணிக்கணக்குப் பார்த்து ஆடுகிற எங்கள் பெருங்களத்தூர்ப் பையன்கள் எல்லோருக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்துவிடுங்கள்: இவர் நன்றாக ஆடுவார், ஆனால் அதனால் ஒன்றும் ஆகாது.

ஏலத்துக்கு யாரும் வரமாட்டார்களோ என்று சம்மேளனம் தயங்க வேண்டாம். யாருமே வராத டெண்டரை நடத்திய அனுபவம் அவர்களுக்கு ஏற்கனவே இருக்கிறது.